பாலம்மாவின் முறை

பாலம்மா தன் முறையை எடுத்துக்கொண்டது எந்த வருஷம் என்று ரத்தினம்மாவுக்குச் சரியாகச் சொல்ல வராது. வயிற்றிலிருந்தது மூத்தவனா, அடுத்தவளா என்பதுகூடக் குழம்பிப்போகும். பன்விலத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வரும் முதல் பஸ்ஸின் குளிர் மட்டும் மாறாமல் நினைவிலிருக்கிறது.

கண்டி நகரில் வீரய்யா முதலாளியின் எக்ஸ்ரே நிலையம் அது. விடியுமுன்பே ரத்தினம்மாவும் பாலம்மாவும் பாயிஸாவும் தரையைத் தேய்த்து, இருட்டறைத் தொட்டிகளில் படம் கழுவும் மருந்துநீர் கலக்கி முடித்திருப்பார்கள். அந்தப் புளித்த நெடி சோற்றுப் பார்சல்வரை ஏறும். பிறகு திமிறும் குழந்தைகளையும் நடுங்கும் கிழவர்களையும் மேசையில் அசையாமல் பிடிக்க வேண்டும். படமெடுக்கும் அழகர் சுவருக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்துவார். கதிர் படாமல் காக்க இருந்த ஒரே ஈய அங்கியும் அவருக்குத்தான்.

பிள்ளை உண்டானவள் உள்ளே நிற்கக்கூடாது என்பது மட்டும் பெண்களுக்குத் தெரியும். ரத்தினம்மா உண்டாகியிருந்தபோது பாலம்மா அவளை வெளியே தள்ளினாள்.

"நீ போயித் தரையத் தொடச்சிரு. ஒன் மொறைய நான் பாத்துக்கிறேன்."

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாதாக்கா?"

"எனக்கென்னடி, புள்ளையா குட்டியா? அந்த மெசினுக்கு என்கிட்ட வெறும் எலும்புதான் கெடைக்கும்."

ரத்தினம்மா சிரித்தாள்.

அதுவே வழக்கமாயிற்று. ரத்தினம்மாவுக்கு மூன்று பிள்ளைகள், பாயிஸாவுக்கு இரண்டு. வயிறு வளர்ந்த மாதங்களும் பால் கொடுத்த மாதங்களும் பாலம்மாவின் முறை. பிள்ளை இல்லாதவளுக்கு ஆபத்தில்லை என்று மூவருமே நம்பினார்கள். வலிக்கவுமில்லை, சுடவுமில்லை.

பல வருஷங்களுக்குப் பின் பாலம்மாவின் ஈறில் இரத்தம் கசிந்தது. கைகளில் நீலத் திட்டுகள். ஆஸ்பத்திரியில் இரத்தப் புற்று என்றார்கள்.

"வேலையால இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரத்தத்தப் பாத்துச் சொல்ல முடியாது" என்றார் டொக்டர். "ஆனா இத்தன வருசம் அப்படி நிக்க விட்டிருக்கக் கூடாது."

கட்டிலருகே ரத்தினம்மா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெயில் சுவரில் ஏறி மறைந்தது. கடைசியில், "ஒன் சின்னவன் பள்ளிக்கூடம் போறானா?" என்று மட்டும் பாலம்மா கேட்டாள்.

மறுநாள் வீரய்யா ரத்தினம்மாவைக் கூப்பிட்டார்.

"பாவம், நல்ல பொம்பள. அவ எடத்துக்கு ஒங்க தோட்டத்துல ஒரு ஆளக் கூட்டிக்கிட்டு வா. புள்ள பெறாதவளாப் பாரு."



"அப்ப அது ஆளக் கெடுக்கும்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் ரத்தினம்மா.

"என்ன தெரியும்? டொக்டரே வேலையாலன்னு சொல்லல. நம்ம சனமாச்சேன்னு வேல குடுத்தா..."

"நம்ம சனத்துக்கு ஒரு அங்கி வாங்க மனசு வரலியாங்கையா?"

கதவடியில் நின்ற பாயிஸா உள்ளே வந்தாள். "ஆளுக்கொரு அங்கி வேணும். வருசா வருசம் ரத்தம் பாக்கணும். அது வரைக்கும் நாங்க ஒத்தரையும் புடிக்கிறல்ல."

"போங்க. வெளிய நூறு பேரு நிக்கிறாங்க."

"அவங்ககிட்டயும் சொல்லுவோம்" என்றாள் ரத்தினம்மா.

இருவரும் நடையிலிருந்த வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தார்கள். உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. ரத்தினம்மாவின் கைகள் தாமாக எழுந்தன, மடியில் அழுத்திக்கொண்டாள். அழகர் தன் அங்கியைக் கழற்றி அந்தத் தாய்க்குப் போட்டு, குழந்தையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துப் படமெடுத்தார். பிறகு வந்து வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தள்ளி உக்காருங்க தங்கச்சி" என்றார்.

அந்த மழைக்காலத்திலேயே பாலம்மா செத்துப்போனாள். ரத்தினம்மா, பாயிஸா, அழகர் மூவருக்கும் வேலை போயிற்று. வீரய்யாமேல் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை. அழகர் வத்தேகமயில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறார். மற்ற நிலையங்களில் நோயாளிகளைப் பிடிக்கும் பெண்கள் ஞாயிறுகளில் பாயிஸாவின் வீட்டில் கூடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் உட்காரக் கதிரை போதாமல் போகிறது. ரத்தினம்மாவின் பிள்ளைகள் மூவரும், பாயிஸாவின் இருவரும், நல்ல சுகத்தோடு இருக்கிறார்கள்.