முகப்புப் படத்தில் இருந்தவள்

கண் மருத்துவமனையில் அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். கண்பாவை விரிய நேரமாகும், அதுவரை எல்லாம் மங்கலாகத்தான் தெரியும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருந்தாள். பக்கத்தில் மகள் எலி.

சின்ன வயதில் பென்சிலைக் கடித்தே தீர்த்ததால் அவளுக்கு அந்தப் பெயர். முப்பது வயதைத் தாண்டியும் வீட்டில் யாரும் அதை விடவில்லை. அவளும் அண்ணனும் அண்ணியும் சேர்ந்து ஒரு சின்ன கம்பெனி நடத்தினார்கள். அண்ணி புரோகிராம் எழுதுவாள், எலி படம் வரைவாள், மற்றதெல்லாம் அண்ணன். அவர்கள் செய்த ஒரே விளையாட்டு இதுதான்: வீடு மாறுகிறவர்களின் சாமான்களை அட்டைப்பெட்டிகளில் இடம் பார்த்து அடுக்க வேண்டும். அவசரமில்லாத புதிர். தூங்குவதற்கு முன் விளையாடலாம்.

விளையாட்டு நன்றாகத்தான் இருந்தது. முகப்புப் படம்தான் உயிரை வாங்கியது. போனுக்குள் இருக்கும் ஆப் கடையில் ஆயிரம் விளையாட்டுகள் வரிசை கட்டி நிற்கும். விரலால் தள்ளிக்கொண்டே போகிறவனை நிறுத்துவதற்கு ஒரு சின்னப் படம்தான் உண்டு. எலி முதலில் ஒரு அறை முழுக்கச் சாமான் வரைந்தாள். விளக்கு, கடிகாரம், பூந்தொட்டி, எல்லாவற்றுக்கும் நிழல். பெரிய திரையில் பார்த்தபோது அண்ணியே வாயைப் பிளந்தாள். போனில் நகம் அளவுக்குச் சுருங்கியதும் குப்பைக்கூடையைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. பிறகு ஒரே பெட்டி, அதற்குள் இறங்க மறுக்கும் ஆரஞ்சுப் பூனை, பின்னால் கருநீலம். எழுத்தே கிடையாது. அறையின் அந்தக் கோடியில் நின்று பார்த்தாலும் பூனை பூனையாகத் தெரிந்தது. ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள்.

போன வாரம் திடீரென்று கூட்டம் அலை மோதியது. "படத்தை லேசா மாத்திப் பார்த்தேன்" என்றான் அண்ணன். காய்ச்சலில் படுத்திருந்த எலி, பூனையின் நிறத்தைத்தான் மாற்றியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது அம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் போனில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தாள். பெட்டிகளைப் பார்த்ததும் எலிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"நல்லாருக்கா அந்த கேம்?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா முன்னாடி ஒரு அம்மாவைக் காட்டினாங்க. அவங்களைக் காப்பாத்தற கட்டம் வரவே மாட்டேங்குது. நானும் அடுக்கிட்டே இருக்கேன்."

"எந்த அம்மா?"

அந்தப் பெண் போனிலேயே ஆப் கடையைத் திறந்து முகப்புப் படத்தைக் காட்டினாள். கழுத்தளவு தண்ணீரில் ஒரு பெண். தலையில் ஒரு கை. வாய் கோணி, அடித்தொண்டை தெரியத் திறந்திருந்தது. முடியைக் கறுப்பாக்கி, கன்னத்துச் சுருக்கங்களைத் தேய்த்து எடுத்திருந்தார்கள். கீழுதட்டுக்கு அடியில் இருந்த மச்சத்தை விட்டுவிட்டார்கள். இடது புருவம் நடுவில் அறுந்திருந்தது, எலி பிறப்பதற்கு முன்பே அம்மா அலமாரிக் கதவில் இடித்துக்கொண்ட இடத்தில்.

எலி போனைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். பார்த்த முகம்தான். அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைத்துணி சுற்றி வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்களே, அன்றைக்கு ஒரே ஒரு தடவை பார்த்த முகம்.

அந்தப் பெண் போனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். "உங்க ஜாடையாவே இருக்கும்மா" என்றாள்.

"என் ஜாடையா? குடு பார்ப்போம்." அம்மா போனை வாங்கி மூக்குவரை கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். "ஒண்ணும் தெரியலையே. ஒரே நீலமா இருக்கு." சிரித்தபடி திருப்பிக் கொடுத்தாள். "எங்க பசங்க செஞ்ச விளையாட்டாக்கூட இருக்கும். என்னடி?"

"தெரியலம்மா" என்றாள் எலி.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நேரே அலுவலகத்துக்குப் போனாள். ஒரு பல்பொருள் கடைக்கு மேல் இரண்டு அறைகள். அண்ணன் சுவரோரம் நின்று, ஆட்கள் எண்ணிக்கையைக் காட்டும் வரைபடக்கோடு மேலே ஏறுவதை அண்ணிக்கு விளக்கிக்கொண்டிருந்தான். எலி தன் போனில் அந்தப் படத்தைத் திறந்து மேஜையில் வைத்தாள்.

"இது யாரு?"

"சும்மா ஒரு முகம். கம்ப்யூட்டர் போட்டது."

"அண்ணா. இது யாரு?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அப்பா போன அன்று வெளிநாட்டுச் சித்தியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது விரல் பட்டு எடுபட்ட படம். அழிக்க மனம் வராமல் வைத்திருந்தான். "முகம் இருந்தா நிப்பாங்க, அழுதா கண்டிப்பா தொடுவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. விலைக்கு வாங்கின படமெல்லாம் நடிப்பாத் தெரிஞ்சது. இது ஒண்ணுதான் நிஜமா இருந்தது. முடியை மாத்தினேன், வயசைக் குறைச்சேன். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்."

"உனக்குத் தெரியுமே."

அண்ணி அதற்குள் போனைக் கையில் எடுத்திருந்தாள். ஒரு வாரமாக அந்தப் படத்தைத் தினமும் பார்த்தவள். "அத்தை அழுது நான் பார்த்ததே இல்ல" என்றாள். "அதான் எனக்குத் தெரியல." போனைக் குப்புற வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறைத்துவிடலாம் என்று அண்ணன் நினைத்திருக்கலாம். மறுநாள் காலை அம்மா காப்பியை ஆற்றியபடி, "அந்தப் பொண்ணு என் ஜாடைன்னு சொன்னாளே, அதைக் காட்டு. இப்ப கண்ணு தெளிஞ்சிருச்சு" என்றாள். அண்ணன் எலியைப் பார்த்தான். எலி குனிந்துகொண்டாள். அவன் போனை நீட்டினான்.

அம்மா வெகு நேரம் பார்த்தாள்.

"அப்பாவை வெளியே கொண்டு வந்தப்ப" என்றாள் கடைசியில். யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. "வாயை இப்படியா திறந்தேன்?"

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினான்.

"தண்ணி எதுக்குடா?"

"ஆபத்துல இருக்கற மாதிரி காட்டினா... தொடுவாங்கம்மா."

"தொட்டா?"

"பெட்டியில சாமான் அடுக்கணும்."

அம்மா தலையாட்டினாள். "எத்தனை பேரு பார்த்தாங்க?"

லட்சக்கணக்கில் என்று அவன் முணுமுணுத்தான்.

"அவ்வளவு பேரும் வந்து நான் அழறதைப் பார்த்துட்டு, பெட்டியை அடுக்கிட்டுப் போயிருக்காங்க" என்றாள் அம்மா. கோபமே இல்லாமல் சொன்னாள். ஆறிப்போன காப்பியைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள்.

அன்றைக்கே படத்தை எடுத்துவிட்டார்கள். எலி புதிதாக ஒன்று வரைந்தாள். மூட முடியாத பெட்டி, ஒரு கெண்டியின் மூக்கு மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. பார்க்கிறவனுக்கு அதை உள்ளே தள்ளக் கை துறுதுறுக்கும். அது பொய்யில்லை, விளையாட்டு முழுக்க அதுதான். மேலே ஏறிய கோடு மளமளவென்று இறங்கி, ஓரிடத்தில் நின்று, நத்தை மாதிரி ஏறத் தொடங்கியது. அண்ணன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். அடுத்த மாதம் அண்ணி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எலியிடம் வந்தாள். திறந்து காட்டினாள். பெயர் தெரியாத ஏதோ ஒரு கம்பெனியின் விளையாட்டு. அதன் முகப்பில் அதே முகம். முடி சிவப்பு. தண்ணீருக்குப் பதில் நெருப்பு.

"நல்லா ஓடற படத்தைத்தானே எல்லாரும் காப்பியடிப்பாங்க" என்றாள் அண்ணி. "இன்னும் ஒண்ணு இருக்கு. அதுல கட்டிப் போட்டிருக்காங்க."

எலியால் அதைத் திறந்து பார்க்க முடியவில்லை.

ஆப் கடை நடத்துகிறவர்களுக்குப் புகார் எழுதினார்கள். முகம் யாருடையதோ அவரே தன் அடையாள அட்டையோடு நிற்கும் படம் ஒன்று வேண்டும் என்று பதில் வந்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று பேரும் விழித்தார்கள். அண்ணியே போய்ச் சொன்னாள். அம்மா மறுக்கவில்லை. முகம் கழுவி, தலை சீவி, அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அண்ணன் போனை உயர்த்தினான்.

அம்மா அவனை நேராகப் பார்த்தாள். குத்திக் காட்டுகிற பேச்சு அவளுக்கு வராது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"சும்மா உக்காந்தா போதுமா? அடையாளம் தெரியணும்னா அழணுமா?"

அண்ணன் போனைக் கீழே இறக்கினான். மறுபடி உயர்த்தப் பார்த்தான். கை வரவில்லை. எலியிடம் நீட்டிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

படத்தை எலிதான் எடுத்தாள். நெருப்புக்குள் இருந்த முகம் கொஞ்ச நாளில் கடையை விட்டுப் போயிற்று. கட்டிப் போட்ட முகத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அண்ணி வாரா வாரம் தேடிப் பார்க்கிறாள். எங்கேயாவது அகப்பட்டால் எலியிடம் மட்டும் சொல்கிறாள்.