முழங்கை வளைவுக்கு முன்

"ம், ஸ்டார்ட் பண்ணு" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

சேங்லா சாவியின் மேல் கையை வைத்தாள். திருப்பவில்லை. திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தால் கணவன் இன்தாவின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. மீதி ஆள் முழுவதும் பிக்கப்பின் வயிற்றுக்குக் கீழே கிடந்தான். முன்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடாமல் தொங்கின. வண்டியின் முன்பாரத்தை இந்தப் பக்கம் இரண்டும் அந்தப் பக்கம் இரண்டுமாக அடுக்கிய புளியங்கட்டைகள் தாங்கிக்கொண்டிருந்தன. லாப் என்கிற கொத்திறைச்சிக் கறிக்கு இறைச்சி கொத்துகிற கட்டைகள். ஊர் விருந்துக்காக நாலு வீட்டில் வாங்கிவைத்தவற்றை, திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் இவன் இந்த வேலைக்கு இழுத்துக்கொண்டான். அவற்றின் நடுவில் கொத்திக் கொத்திக் குழி விழுந்திருந்தது. இறைச்சிக் கட்டையின் மேல் வண்டி, வண்டிக்குக் கீழே புருஷன் என்று நினைத்தபோதே சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"என்ன புள்ள, தூங்கிட்டியா?"

"நீங்க மொதல்ல வெளிய வாங்க. அப்புறமா ஸ்டார்ட் பண்றேன்."

"நான் வெளிய வந்துட்டா எங்க ஒழுகுதுன்னு யாரு பாக்குறது? உங்கப்பனா?"

"எங்கப்பா போய்ச் சேந்து எத்தன வருஷமாச்சு."

"அதத்தான் சொல்றேன். அவரு வரமாட்டாரு. நீ ஸ்டார்ட் பண்ணு."

இப்படித்தான் பேசுவான். பயம் என்று ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளாத ஆள். மலைமேல் இருக்கிற இந்த ஊரிலிருந்து கீழே பள்ளிக்கூடம் போகிற பதினொரு பிள்ளைகளும் இந்த வண்டியில்தான் போய்வந்தார்கள். பின்னால் கூண்டு கட்டி, இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டிருந்தது. ஓட்டுகிறவள் சேங்லா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது, முழங்கை வளைவில் ஸ்டீயரிங் திடீரென்று கல்லாகிவிட்டது. எழுந்து நின்று, இரண்டு கையாலும் தொங்கி, உடம்பின் எடை முழுவதையும் போட்டுத்தான் திருப்பினாள். அதற்குள் பள்ளத்துப் பக்கத்து முன்டயர் தார்ச்சாலையை விட்டுப் புல்லில் இறங்கிவிட்டது. மழையில் ஊறிய ஓரம் அது. புல்லுக்கு அப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரியும், அடி தெரியாது. பின்னால் பிள்ளைகள் இது ஏதோ விளையாட்டு என்று நினைத்து, ஒருவர்மேல் ஒருவர் சரிந்து கைதட்டிச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும், "ஸ்டீயரிங் கெட்டியா இருக்கு" என்று மட்டும் இன்தாவிடம் சொன்னாள். டயர் புல்லில் இறங்கியதைச் சொல்லவில்லை.

நகரத்துப் பட்டறையில் வண்டியை வாரம் முழுக்க விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பரீட்சை ஆரம்பம். ஊரில் தண்ணீர் பம்பு, நெல் அரைக்கிற மிஷின், பூசாரி வீட்டு மின்விசிறி எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டியவன் இன்தா. இதை விடுவானா? காயலான் கடைக்குப் போய், இதே மாதிரி வண்டியிலிருந்து கழற்றிய ராக் ஒன்றை வாங்கி வந்துவிட்டான். முன்சக்கரங்களைத் திருப்புகிற நீளத் தண்டு அது. சக்கரத்தை இடப்பக்கம் தள்ள ஒன்று, வலப்பக்கம் தள்ள ஒன்று என்று விரல் கனத்தில் இரண்டு எண்ணெய்க் குழாய்கள் அதில் வந்து சேரும். காலையில் அவன் ஸ்பேனரை எடுத்தபோதே சேங்லா சொல்லிப் பார்த்தாள். வண்டியைக் காக்கிற தாய் மே யானாங்குக்கு ஒரு மாலை போட்டு, சிவப்பு சோடா ஒரு புட்டி வைத்து, 'உன் வண்டியில் கை வைக்கிறோம் தாயே' என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கலாமே என்று.

"அவங்க வந்து ஸ்பேனர் புடிச்சுக்குடுப்பாங்களா?" என்று சிரித்துவிட்டு உள்ளே நுழைந்துவிட்டான்.

இப்போது மூன்றாவது தடவையாக "ஸ்டார்ட் பண்ணு" என்று குரல் வந்தது. திருப்பினாள். எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி உயிர் பெற்றது. அவன் சொல்லிக்கொடுத்தபடி, குழாய்க்குள் இருக்கிற காற்று வெளியேறட்டும் என்று, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் லேசாகத் தொட்டாள்.

தொட்டதுதான் தெரியும். ஸ்டீயரிங் அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வலப்பக்கம் சுற்றியது. கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் எதிரே உட்கார்ந்து வெறி பிடித்துச் சுற்றுவதுபோல் முழுச் சுற்றும் சுற்றி, கடைசியில் மோதி நின்றது. அதன் கம்பி அவள் கட்டைவிரலில் அடித்தது. கீழே டயர்கள் இரண்டும் ஒரே வீச்சில் திரும்பிய வேகத்தில் வண்டி ஆடியது. கட்டைமேல் கட்டை உரசுகிற சத்தம் கேட்டது. எஞ்சினை எப்படி அணைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"என்னங்க?"

எட்டிப் பார்த்தாள். கால்கள் அசையவில்லை.

"யோவ்! யோவ் இன்தா! வாயத் தொறந்து பேசுய்யா!"

ஒரு கால் மெல்ல மடங்கியது. பிறகு இன்னொன்று. முதுகை மண்ணில் தேய்த்துக்கொண்டே அவன் வெளியே வந்தான். நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் சிவப்பாக வழிந்தது. சேங்லா அலறிக்கொண்டு குதித்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் முகத்தில் அழுத்தி, எங்கே பிளந்திருக்கிறது என்று விரலால் தடவித் தடவித் தேடினாள். காயமே இல்லை. ஸ்டீயரிங் எண்ணெய். அந்த எண்ணெயின் நிறமே அப்படித்தான் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அவள் விரல் இன்னும் காயத்தைத் தேடிக்கொண்டுதான் இருந்தது.

"எதுக்கு அம்புட்டு வேகமாத் திருப்புன? டயரு என் காத உரசிட்டுப் போச்சு."

"நான் திருப்பல. தானாத் திரும்புச்சு. நான் இந்தப் பக்கம் தொட்டேன், அது அந்தப் பக்கம் ஓடுச்சு."

"தானாத் திரும்ப அதுக்கென்ன பேயா புடிச்சிருக்கு?"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் வண்டிக்குள் பார்த்தார்கள். பின்னால் பார்க்கிற கண்ணாடியின் கழுத்தில், மே யானாங்குக்குக் கட்டிய மூன்று வண்ணத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை நீளமாக இருந்தது. சிவப்பும் மஞ்சளும் பாதிதான் இருந்தன. கிழித்த இடத்தில் நூல் நூலாகப் பிரிந்திருந்தது.

"இந்தத் துணியக் கிழிச்சது யாரு?"

இன்தா காதைச் சொறிந்தான்.

"உங்களத்தான் கேக்குறேன்."

"கையில வேற துணி ஆப்புடல. எந்தக் குழாய் எந்தப் பக்கம்னு மறந்துபோகக் கூடாதுல்ல. செவப்பு எடது, மஞ்ச வலதுன்னு கட்டி வச்சேன். அவங்களும் கூடவே இருந்து பாத்துக்கிடட்டுமேன்னுதான்..."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் விளையாட்டாகச் சொன்னானா உண்மையாகவே சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் மாறியது. விளக்கை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் நுழைந்தான். வெளியே வந்தபோது உள்ளங்கையில் இரண்டு துணித்துண்டுகள் இருந்தன. எண்ணெயில் ஊறி இரண்டும் ஒரே கருஞ்சிவப்பு. எது சிவப்பு, எது மஞ்சள் என்று கட்டியவனுக்கே தெரியாது.

"ரெண்டு குழாயையும் மாத்தி மாட்டிட்டேன்" என்றான். "ஒண்ணு சரியா உக்காரல. கொஞ்சம் வளச்சு உக்கார வச்சேன். அப்பவே யோசிச்சிருக்கணும்."

சேங்லா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவனைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"வெள்ளிக்கெழம மொழங்கை வளைவுல டயரு புல்லுல எறங்கிருச்சுங்க. பதினொண்ணும் பின்னால உக்காந்திருந்துச்சுங்க. சிரிச்சுச்சுங்க."

அவன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, எண்ணெய்க் கையால் எண்ணெய்த் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தான்.

அப்புறம் அவள் எழுந்துபோய் மாலையும் சோடாவும் ஊதுபத்தியும் எடுத்துவந்தபோது அவன் சிரிக்கவில்லை. "அங்கிட்டு வச்சு ஏத்து, இங்க எண்ணெ சிந்திக் கெடக்கு" என்று மட்டும் சொன்னான். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் திறந்தபோது, பக்கத்தில் அவனும் கைகூப்பி நின்றிருந்தான். துணியைக் கிழித்ததற்கு மன்னிப்புக் கேட்டானா, குழாயை மாற்றியதற்குக் கேட்டானா, அவனுக்கும் தாய்க்கும்தான் வெளிச்சம்.

குழாய்களைச் சரியாக மாட்ட வெயில் சாயும்வரை ஆயிற்று. இந்தத் தடவை சேங்லா ஒரே பிடியாக நின்றாள். அவன் போய் லாங்கான் மரத்தடியில் நிற்காவிட்டால் சாவியைத் தொடமாட்டேன் என்றாள். நின்றான். ஸ்டார்ட் செய்து, விரல் நுனியால் தொட்டாள். தொட்ட பக்கமே திரும்பியது. மறுபக்கம் தொட்டாள், மறுபக்கம் திரும்பியது. ஒழுகவில்லை, முனகவில்லை. கட்டைகளை உருவி வண்டியைத் தரையில் இறக்கிய பிறகும் ஒற்றை விரலுக்கு அடங்கி நடந்தது.

"பாத்தியா? இப்ப சரியாப்போச்சு" என்றான் மரத்தடியிலிருந்து.

அந்த வார்த்தைதான் அவளுக்குப் பயமாக இருந்தது. முதல் தடவையும் இதே குரலில், இதே நிச்சயத்தோடுதானே 'ஸ்டார்ட் பண்ணு' என்றான்? குழாய் இரண்டே இரண்டு, ஒரு விதமாக மாட்டியது தப்பென்றால் மாற்றி மாட்டியது சரியாகிவிடும். ஆனால் அதே கை இன்று காலையிலிருந்து எத்தனை போல்ட்டைக் கழற்றி மாட்டியிருக்கிறது? ஸ்டீயரிங் தண்டை ராக்கோடு சேர்க்கிற போல்ட் ஒன்று உண்டு. அது நழுவினால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் சுற்றும், சக்கரம் தன்பாட்டுக்குப் போகும். அதை இறுக்கிவிட்டதாக அவன் இரண்டு தடவை சொன்னான். இரண்டாம் தடவை ஏன் சொன்னான்?

"ஏறுங்க. வளைவு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்றாள்.

அவன் முன்கதவைத் திறந்தான்.

"இங்க இல்ல. பின்னால. பிள்ளைங்க உக்கார்ற எடத்துல உக்காருங்க."

அவளை ஒரு நொடி பார்த்தான். கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் போய் ஏறினான்.

இறக்கத்தில் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். கோயிலைத் தாண்டும்வரை காலை நீட்டி உட்கார்ந்து, வழியில் போகிறவர்களுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு வந்தான். வீடுகள் முடிந்து காடு ஆரம்பித்ததும் காலை மடக்கினான். வளைவு கண்ணில் பட்டதும் மேலே இருந்த கம்பியை ஒரு கையால் பிடித்தான். பிறகு இரண்டு கையாலும். வெள்ளிக்கிழமை டயர் உழுத தடம் புல்லில் இன்னும் இருந்தது. சேங்லா திருப்பினாள். சொன்னபடி கேட்டுச் சிரமமே இல்லாமல் திரும்பியது வண்டி. அவள் பார்த்தது சாலையை அல்ல. கண்ணாடியில் இன்தா கண்ணை இறுக மூடியிருந்தான்.

கீழே சமதளத்தில் நிறுத்தியதும் அவன் இறங்கி ஜன்னலோரம் வந்தான். "நல்லா இருக்குல்ல?" என்றான். குரல் காய்ந்திருந்தது.

"நல்லா இருக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்து, அவன் யாரும் சொல்லாமலே மறுபடி அடியில் நுழைந்து எல்லாப் போல்ட்டையும் ஸ்பேனர் போட்டுப் பார்த்தான். ஒவ்வொன்றும் இறுகிய சத்தம் அவளுக்குக் கேட்டது. கேட்கக் கேட்க மனசு ஆறும் என்று எதிர்பார்த்தாள். ஆறவில்லை.

திங்கட்கிழமை காலையில் மூடுபனி. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். கடைசியாக வன்னா தன் மகள் கீவியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஆறு வயதுப் பிள்ளை, வாழையிலையில் மடித்த ஒட்டரிசிச் சோற்றை இன்னும் மென்றுகொண்டிருந்தது.

"வண்டிய ரிப்பேர் பாத்தீங்களாமே அக்கா? சரியாயிருச்சா?"

ஆமாம் என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? சேங்லா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இல்லை என்று சொன்னால் பதினொரு பரீட்சை போச்சு. இத்தனை பிள்ளைகளை ஏற்றிக் கீழே போக இந்த ஊருக்கு வேறு வண்டி கிடையாது. ஆமாம் என்று சொன்னால் இந்தப் பெண் நம்பிப் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிடுவாள்.

பதில் வருமுன் வன்னாவின் கையிலிருந்து கீவியை யாரோ வாங்கிக்கொண்டார்கள். இன்தா. வயலுக்குப் போகிற உடுப்பில் இருந்தான். அரிவாளை வேலியில் மாட்டிவிட்டு வந்திருந்தான்.

"குடு, நான் ஏத்திவிடறேன்" என்றான். ஏற்றிவிட்டவன் இறங்கவில்லை. பிள்ளைகளை உள்ளே நெருக்கி நகர்த்தி, பள்ளத்துப் பக்கத்துப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, நீங்களும் பரீட்சைக்கு வர்றீங்களா?" என்று கேட்டாள் கீவி.

"ஆமாடி. ஒண்ணாங் கிளாஸ்ல போன வருஷம் ஃபெயிலு."

கூண்டு முழுக்கச் சிரிப்பு. வன்னாவும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். சேங்லா சாவியைத் திருப்பினாள்.

கோயில் போனது. வீடுகள் போயின. பனிக்குள் சாலை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டு வந்தார்கள். கண்ணாடியில் பார்த்தாள். இன்தா கீவியை மடியில் வைத்து ஒரு கையால் அணைத்திருந்தான். மறு கையை நீட்டி, பள்ளத்துப் பக்கத்து வரிசையில் எட்டிய பிள்ளைகளையெல்லாம் சேர்த்துத் தடுத்துப் பிடித்திருந்தான். இம்முறை கண்ணை மூடவில்லை. கண்ணாடி வழியே அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பனிக்குள்ளிருந்து வளைவு வந்தது. சேங்லா திருப்ப ஆரம்பித்தாள்.