வசந்தி கொண்டு வந்த எண்

கல்லூரியில் சேர அன்று மாலை ஐந்து மணி வரைதான் கெடு. வசந்தியின் மகள் துர்கா விடிந்ததும் ரயிலேறி, திருவள்ளூர்ப் பக்கம் இருக்கும் அந்தக் கல்லூரிக்குப் போய்விட்டாள். முதல் பட்டதாரி சான்றிதழைக் காட்டினால் கட்டணச் சலுகை உண்டு. சலுகை இல்லையென்றால், மணவூரில் கரும்பு வெட்டப் போகும் வசந்தியால் அந்தப் படிப்பை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. சான்றிதழ் தயார் என்று மெசேஜ் வரும், வரும் என்று இத்தனை நாளும் போனையே பார்த்திருந்தவள், கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து நகர, திருத்தணி இ-சேவை மையத்துக்கு வந்து சேரும்போது மணி மூன்றாகிவிட்டது.

"நம்பர் குடுக்கா" என்றாள் கணினி முன் இருந்த சௌமியா.

வசந்தி சீட்டை நீட்டினாள். சௌமியா தட்டிப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

"இப்டி ஒரு நம்பரே இல்லியே. எங்க போட்ட?"

"எங்க ஊரு மண்டபத்துல. சென்னைலேர்ந்து மூணு பொண்ணுங்க வந்துச்சுங்களே. பதினெட்டு நாள் ஆவுது."

சௌமியாவின் கை அப்படியே நின்றது.

அந்த நாளை வசந்தி மறக்கவில்லை. அந்தப் பெண்கள் நீட்டிய திரையில் பெரிய பெரிய எழுத்து. அவள் தடுமாறிய இடத்தையெல்லாம் ஒருத்தி குறித்துக்கொண்டாள். "தப்பாப் போனா அது எங்க தப்பும்மா, உங்க தப்பு இல்ல" என்றாள். எந்த அலுவலகத்திலும் வசந்தி கேட்டறியாத பேச்சு அது. நிஜமாகவே என்ன வேண்டுமோ அதையே கேளுங்கள் என்றார்கள், சான்றிதழைக் கேட்டாள். ஆறே நிமிடம். 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று ஓர் எண்ணும் வந்தது. மூவரும் கைதட்டினார்கள். அவள் அந்த எண்ணை எழுதிக்கொண்டபோது யாரும் எதற்கென்று கேட்கவில்லை.

"அக்கா, அவங்க காட்டுன புது ஆப் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. ஜனங்களுக்குச் சுலபமா இருக்குதான்னு சோதிச்சுப் பாக்க வந்தவங்க அவங்க. நீ போட்டது எங்கியும் போவல."

"ஏத்துகினோம்னு வந்துச்சேம்மா."

பட்டா நகலுக்காகப் பின்னால் நின்ற தங்கவேல் சிரித்தார். "சொப்புக் கடைல போய் அரிசி வாங்கிகினு வந்துட்டியாம்மா?"

"இப்பப் போட்டா?"

"வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார், மூணு பேரும் பாக்கணும்க்கா. ஓடி ஓடி வாங்குனாலும் ஒரு வாரம்."

சௌமியா அந்தக் குழுவில் ஒருத்திக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.  விஷயத்தைக் கேட்ட அந்தப் பெண்ணின் குரல் உடைந்திருந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா. எந்த இடத்துல இது நிஜம்னு நெனச்சீங்க? சொன்னா அதை மாத்திடுவோம். இனிமே யாருக்கும் இப்படி ஆகாது."

வசந்தி நிதானமாக யோசித்தாள்.

"எல்லா எடத்துலயும்தாம்மா."

மறுமுனையில் எதையோ டைப் அடிக்கும் சத்தம் கேட்டது.

சௌமியா போனை வைப்பதற்குள் வசந்தியின் போன் அடித்தது. துர்கா.

"அம்மா, எனக்கு முன்னாடி ரெண்டே பேரு. அனுப்பிட்டியா?"

"சாப்ட்டியாம்மா?"

"அனுப்பிட்டியான்னு கேக்கறேன்."

"கெளம்பி வந்துடு" என்றாள் வசந்தி. "மணவூர்ல எறங்கு. நான் ஸ்டேஷனாண்ட நிக்கறேன்."