உத்திரத்தின் மேல் பாரம்

தம்பி கடைசிச் சுவர்க்கடிகாரத்தைப் பெட்டிக்குள் வைத்த சத்தம் மாடியில் இருந்த அக்காவுக்குக் கேட்டது. அந்தக் கட்டடத்தில் எதையும் மறைக்க முடியாது. ஆணியே அடிக்காமல் மர முளை வைத்துப் பூட்டிய தூணும் உத்திரமும். ஒரு மூலையில் தும்மினால் மறு மூலையிலிருந்து நூறு வயசு என்று வாழ்த்தலாம். எந்தக் காலத்திலோ தானியக் கிடங்காக இருந்ததைப் பலகை வைத்துத் தடுத்துக் கடைகளாக்கியிருந்தார்கள். கீழே செருப்புக் கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, தம்பியின் கடிகாரக் கடை. மேலே அவளுடைய திரைச்சீலைத் தையல். மத்தியான வெயிலில் மரமெல்லாம் நெட்டி முறிக்கும். அவள் மிஷினை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடினால், கீழே ஓடும் கடிகாரங்கள் தூண் வழியே ஏறி வந்து உள்ளங்காலில் துடிக்கும். தூக்கமா விழிப்பா என்று தெரியாத அந்த நேரம்தான் அவளுக்கு நாளிலேயே பிடித்த நேரம்.

அப்பா போன பிறகு, யாருக்குக் கீழ்க்கடை, யாருக்கு மாடி என்று வந்த சண்டையில் இருவரும் பேச்சை விட்டார்கள். கீழ்க்கடையை எடுத்துக்கொண்டது அவன். படியேறி எவன் வருவான் என்று அவள் அழுதது அவன் காதில் ஏறவேயில்லை. நல்லா இருக்கட்டும் மகராசன் என்று விட்டுவிட்டாள். ஆனால் கட்டடம் சும்மா விடவில்லை. அவன் கதவுக்கு நேர் மேலே ஓடும் உத்திரம் கொஞ்சம் தொய்ந்தது. அந்த இடத்தில் அவள் துணிக்கட்டுகளை அடுக்கினால் போதும், கீழே கதவு இறுகிக்கொள்ளும். உடனே குரல் வரும்.

"அக்கா, துணிய நகத்து!"

"நகத்துறேன், கத்தாத!"

இத்தனை வருஷமும் அக்கா தம்பி பேச்சு இவ்வளவுதான். வேறு இடத்தில் அடுக்க அவளுக்குத் தெரியாதா என்ன? அடுக்கவில்லை.

இன்றைக்கு அவன் காலி செய்கிறான். புதுக் கட்டடத்தில் கடை, கண்ணாடிக் கதவு. ஆள் வந்தால் தானாகத் திறந்துகொள்ளுமாம். தானாகத் திறக்கிற கதவுக்கு அக்கா எதற்கு?

தெருப் புழுதிக்காக அவன் கதவைச் சாத்தியதும் அவள் ஆரம்பித்தாள். வெல்வெட், லைனிங், தைத்தும் யாரும் வாங்க வராத திரைகள், இஸ்திரிப் பெட்டி, கடைசியில் தையல் மிஷினையே இழுத்து வந்து அங்கே நிறுத்தினாள். உத்திரம் முனகியது. வெளியே வண்டிக்காரன் கதவை இழுத்துப் பார்த்தான்.

"சார், மாட்டிக்கிச்சு! உள்ளேர்ந்து தள்ளுங்க!"

அவள் தரையில் படுத்துப் பலகையில் காதை வைத்தாள். கூப்பிடட்டும். ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும், எல்லாவற்றையும் நகர்த்திவிட்டு வழியனுப்பியும் வைப்பாள். கீழே சத்தமே இல்லை. அடப்பாவி, போகிற அன்றைக்குக்கூடவா வாயைத் திறக்கமாட்டாய்? அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போது பெட்டியைத் திறந்து கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் சத்தம் கேட்டது. காதுக்கு அடியில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"அக்கா."

"என்னடா?"

"கதவு இடுக்குல ஒரு மூலையில மட்டும் இன்னும் வெளிச்சம் தெரியுது. வேற ஏதாவது இருந்தா எடுத்து வை."

அவள் எழுந்து சுற்றும் முற்றும் பார்த்தாள். அறையில் தூக்குகிற மாதிரி எதுவும் மிச்சமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு துணிக் குவியலின் மேல் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவள் கனத்துக்கு உத்திரம் மெதுவாக இறங்கிக் கொடுத்தது.