வாயாடிக்கு ஒரு துணை

ஜோடி செத்து விழுந்த அன்றோடு வாயாடி வாயை மூடிக்கொண்டது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற நீல லவ் பேர்ட்ஸ் பறவை அது. அதுவரை பொழுது விடிந்தால் அடையும்வரை அதன் வாய் ஓயாது. இப்போது தினைக் கிண்ணத்தைத் திரும்பியும் பார்க்காமல், தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தது. தோல் தெரிய ஆரம்பித்துவிட்டது.

கூண்டுக்குச் சொந்தக்காரி அக்கா. கட்டியவன் வேறொருத்தியைப் பார்த்துக்கொண்டு போனபிறகு, தம்பி வீட்டுக்கு அவள் கொண்டுவந்தது ஒரு தையல் மெஷினும் அந்தக் கூண்டும்தான். தம்பிக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற வேலை. அழுக்கு விரிப்பு ஒரு கதவு வழியே வரும், வெளுத்தது இன்னொரு கதவு வழியே போகும். அழுக்கைத் தொட்ட கை வெளுத்ததைத் தொடக்கூடாது. அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் எதைத் தொட்டாலும் குழாயடிக்கு ஓடுவான். அக்கா அவனுக்கு வைத்த பெயர் சோப்பு.

"இதுக்கு உடம்புல ஒண்ணுமில்ல. துணை வேணும். இல்லேன்னா இப்படியே பிடுங்கிப் பிடுங்கிப் போய்ச் சேர்ந்துடும்" என்றார் பறவை பார்க்கிற டாக்டரம்மா. கூடவே எச்சரித்தும் அனுப்பினார். புதிதாக வருவதை ஒரு மாதம் தனி அறையில், கதவைச் சாத்தி வைக்கவேண்டும். கிண்ணம், துடைக்கிற துணி எல்லாம் தனித்தனி. முதலில் பழையதைக் கவனித்துவிட்டுத்தான் புதியதிடம் போகவேண்டும். எச்சம் காய்ந்து தூளாகப் பறந்தால் மனிதருக்கும் காய்ச்சல் வரும். ஆகவே அடியில் போட்ட காகிதத்தை நனைத்துத்தான் எடுக்கவேண்டும், முகக்கவசத்தோடு.

கடையில் ஒரே பெரிய கூண்டுக்குள் நிற்க இடமில்லாமல் பறவைகள் ஒன்றன் தலையில் ஒன்று எச்சமிட்டுக்கொண்டிருந்தன.

"இதுங்களுக்கு நோய் எதுவும் இருக்காங்க?" என்று கேட்டான் சோப்பு.

"நோயா? எல்லாம் பயில்வான் தம்பி" என்றார் கடைக்காரர். "கொண்டுபோய் ஒண்ணா விடுங்க. ரெண்டு நாள் அடிச்சுக்கும், அப்புறம் ராசியாயிடும். கல்யாணம் பண்ணப்ப பொண்ணுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்த்தா கட்டுனீங்க?"

"எனக்கு இன்னும் ஆகலைங்க."

"இப்படிக் கேள்வி கேட்டா எப்படி ஆகும்?"

பச்சையில் ஒரு ஆணைப் பிடித்துக் கொடுத்தார். துள்ளிக்கொண்டு, கண் பளிச்சென்றுதான் இருந்தது.

வீட்டில் கதவு வைத்த அறை ஒன்றே ஒன்று, அவன் படுக்கிற அறை. அதைப் பச்சைக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தான். மறுநாள் காலையில் அக்கா கை நிறையத் தினையோடு நேரே அந்த அறைக்குப் போவதைப் பார்த்து வழிமறித்தான்.

"அக்கா, முதல்ல வாயாடிக்கு. அப்புறம்தான் அது."

"வீட்டுக்கு வந்தவனைக் காக்க வச்சுட்டு நாம சாப்பிடறதா?"

"அவன் விருந்தாளி இல்லக்கா. சந்தேகக் கேஸ்."

"உன் கண்ணுக்கு எல்லாருமே கேஸ்தான்டா" என்று சொல்லிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே வாயாடிக்குப் போட்டாள்.

அப்போதுதான் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து பச்சை குரல் கொடுத்தது.

கூடத்தில் வாயாடியின் தலை நிமிர்ந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நகர்ந்து, கழுத்தைச் சாய்த்துக் கேட்டது. பிறகு அதுவும் கத்தியது. இத்தனை நாள் பூட்டி வைத்திருந்ததற்கெல்லாம் சேர்த்துக் கத்தியது. உடனே பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தில் இறங்கித் தினையைக் கொத்தியது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகு சுவரின் இரண்டு பக்கமும் பேச்சு ஓயவில்லை. "போன்ல பேசிக்கிட்டே இருக்கற பசங்க மாதிரி இருக்குடா" என்று அக்கா சிரித்தாள். வாயாடியின் நெஞ்சில் சாம்பல் நிறத்தில் புதுப் பூஞ்சிறகு அரும்பியது. இதற்குமேல் என்ன வேண்டும், கதவைத் திற என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

"மாசம் முடியட்டும்."

"நல்லாத்தானே இருக்கான்?"

"நல்லா இருக்கற மாதிரிதான்க்கா இருக்கும்."

"கண்ணுல காட்டாம, குரலை மட்டும் கேட்டுக்கிட்டு இருன்னா எப்படிடா? அந்த வேதனை உனக்கு எங்க தெரியப்போவுது?"

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நாளும் காகிதத்தை நனைத்தான், முகக்கவசத்தை மாட்டினான், கை கழுவினான். ஒரு நாள்கூட வரிசை மாறவில்லை. அக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மெஷினை மிதித்தாள்.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கையில் பச்சை உப்பிப் பந்துபோல் உட்கார்ந்திருந்தது. வால் மூச்சுக்கு மூச்சு ஆடியது. எச்சம் பச்சைத் தண்ணீராக இருந்தது. அவனே கூண்டைத் துணியால் மூடி டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். எச்சத்தைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு மருந்து கொடுத்தார். மருந்து உள்ளே இறங்கவில்லை. முதலில் நின்றது அதன் குரல்தான். வாயாடி கத்தும்; காத்திருக்கும்; மறுபடி கத்தும். சுவருக்கு அந்தப் பக்கம் உயிர் இருந்தது, பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து உயிரும் இல்லை.

பரிசோதனை முடிவு வந்தது: கிளிக்காய்ச்சல், கடையிலேயே பிடித்தது. வாயாடியின் எச்சத்தையும் பார்த்தார்கள். அதில் ஒன்றுமில்லை.

"நீங்க சொன்னபடி செஞ்சதாலதான் இது பிழைச்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். "பாதிப் பேர் ரெண்டாம் நாளே கதவைத் திறந்துடுவாங்க. உங்க ரெண்டு பேருக்கும் காய்ச்சல், இருமல் வந்தா மட்டும் உடனே போய்க் காட்டிக்கங்க."

அவன் வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னான். பாராட்டையும் சேர்த்தே சொன்னான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. அக்கா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"திறந்து விட்டிருந்தா ரெண்டும் சேர்ந்து செத்திருக்கும், அப்படித்தானே?"

"ஆமாக்கா."

"சேர்ந்து இருந்துட்டுச் செத்திருக்கும்."

அவன் குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தான். "அறையைக் கழுவிட்டு வேற கடையில இன்னொண்ணு வாங்கலாம்" என்றான்.

"அதையும் ஒரு மாசம் அடைச்சு வைப்ப."

"வைக்கணும்ல."

"அதுவரைக்கும் இது தாங்குமா, பாரு."

பார்த்தான். புதுப் பூஞ்சிறகை வாயாடி பிடுங்கிவிட்டிருந்தது. இந்தத் தடவை தோலோடு நிற்கவில்லை, ரத்தப்பொட்டு தெரிந்தது. சுவரைப் பார்த்துக் கத்தியது, கழுத்தைச் சாய்த்துக் காத்திருந்தது. கிண்ணத்தில் தினை அப்படியே இருந்தது.

லீவு போட்டு அறையைக் கழுவினான். சுவர், தரை, ஜன்னல் கம்பி என்று ஆஸ்பத்திரியில் போடுகிற மருந்தையே போட்டு, காயவிட்டு, மறுபடி கழுவினான். பச்சையின் கூண்டையும் கிண்ணத்தையும் ஏற்கெனவே புதைத்தாயிற்று. உள்ளே ஒன்றுமில்லை.

அக்கா வாயாடியின் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இங்க வைக்கறேன். ஆள் இல்லேன்னு அதுவே கண்ணால பார்த்துக்கட்டும். பார்த்துட்டா கூப்பிடறதை விட்டுடும். ரெண்டு வாய் தின்னும்."

அவன் தடுக்கவில்லை. எத்தனை நாள் அவள் திறக்கச் சொல்லிக் கேட்ட கதவு. இப்போது திறந்தே கிடந்தது. கூண்டை அறையின் நடுவில் முக்காலிமேல் வைத்தாள். வாயாடி நாலு பக்கமும் பார்த்தது. ஜன்னலைப் பார்த்தது, மூலையைப் பார்த்தது. வெகுநேரம் அசையாமல் இருந்தது.

"புரிஞ்சுக்கிச்சுடா" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

வாயாடி திரும்பியது. கம்பியைப் பற்றிக்கொண்டு, தான் அத்தனை நாள் இருந்த கூடத்துப் பக்கச் சுவருக்கு நேராக நகர்ந்தது. அதைப் பார்த்துக் கத்தியது. கழுத்தைச் சாய்த்துக் காத்திருந்தது.

அக்கா வெளியே போய்விட்டாள். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கவில்லை.

சற்றுப் பொறுத்து அவனும் கூடத்துக்கு வந்தான். சுவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது, நின்றது, மறுபடி வந்தது.