சோப்பு டப்பாவுக்குள் என் குரல்

ஊரில் மற்ற பெண்களுக்குப் புருஷன் பைக்கில் வேகமாகப் போனால் பயம். எனக்கு வாய்த்தவர் ஆகாயத்திலேயே போகிறவர். அப்போது திருத்தணியைச் சுற்றி வயலெல்லாம் பிளாட்டாகிக்கொண்டிருந்தது. பிளாட் விற்கிறவர்களுக்கு ஆகாயத்திலிருந்து எடுத்த போட்டோ வேண்டும். போட்டோக்காரரைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஓட்டிப் போவது என் கணவர் நாகேஷின் வேலை. வண்டியின் பெயர் மைக்ரோலைட், இரண்டே பேர் உட்காரும் குட்டி விமானம். ரேடார் கிடையாது, கதவுகூடக் கிடையாது. எதிரே என்ன வருகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

ஒரு மார்கழி மாதம், தயிர்சாதம் பிசைந்துகொண்டே சொன்னார்:

"இன்னிக்குப் பனியில ஒரு ஹெலிகாப்டர் பக்கத்துல போச்சு. கடைசி வரைக்கும் தெரியவேயில்ல."

ஊறுகாய் கேட்பதுபோல் சொன்னார். கரண்டியைத் தொப்பென்று போட்டேன்.

"நாளையிலிருந்து போவாதீங்க பாவா."

"போவாம? மாவு மில்லு வெக்கச் சொல்றியா?"

அவர் என் அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே பிடிவாதம். சண்டை போட்டுப் பயனில்லை என்று தெரியும். போட்டேன். பயனில்லை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்கிறவள் எதற்கு இருக்கிறேன், கருவியாவது செய்வோம் என்று இறங்கினேன். அரக்கோணத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் முக்தார் அகமது என்னோடு படித்தவன். அவனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

விஷயம் எளிதுதான். பெரிய விமானமும் ஹெலிகாப்டரும் பறக்கும்போது, தரையிலிருக்கும் ரேடாருக்குத் தம் உயரத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். எங்கள் பெட்டி அதை ஒட்டுக்கேட்கும். காற்றழுத்தத்தை வைத்துத் தன் உயரத்தையும் கண்டுபிடித்துக்கொள்ளும். இரண்டையும் ஒப்பிட்டால் வருகிறவன் நமக்கு மேலேயா கீழேயா என்று தெரிந்துவிடும். சிக்னல் பலமாக இருந்தால் கிட்டத்தில் இருக்கிறான். எந்தத் திசை என்று மட்டும் சொல்லாது. அதற்குப் பெரிய ஆன்டெனா வேண்டும், எங்கள் பெட்டியோ கையில் அடங்குகிற சோப்பு டப்பா.

முதலில் திரை வைத்தோம். வெயிலில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. பிறகு ஹெல்மெட் ஹெட்போனில் குரலாகச் சொல்ல வைக்கலாம் என்றான் முக்தார்.

"யார் குரலை ஏத்தறது?" என்றேன்.

"இவ குரலத்தான்," என்றார் நாகேஷ். "வேற யார் சொன்னாலும் எனக்கு ஒறைக்காது. ஆனா ஒண்ணு, ஆகாசத்துலயாவது நிம்மதியா இருந்தேன். அதுவும் போச்சு."

பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்பெடுக்கும் குரலில் மூன்று சொற்களைப் பதிவு செய்தேன். மேல. கீழ. கிட்ட.

பெட்டியைப் போட்டுக்கொண்டு அவர் பறந்த முதல் நாள் சாயங்காலம், நானும் முக்தாரும் பள்ளிப்பட்டுப் பக்கம் வண்டி ஏறி இறங்கும் மைதானத்தில் காத்திருந்தோம். அவர் இறங்கி வந்ததும் வராததுமாக டப்பாவைக் கழற்றி முக்தார் மடியில் வீசினார்.

"பொய் சொல்லுது உங்க பொட்டி!"

"என்ன ஆச்சுண்ணே?" என்றான் முக்தார்.

"மேல, மேலன்னு கத்திகினே இருந்திச்சு. மேல பாத்தேன், ஒரு காக்காகூட இல்ல. சரி, அந்தப் பக்கமே வேணாம்னு கீழாண்ட திரும்பி ஏறனேன். அவ்ளோதான், உச்சந்தலைய ஒரசிகினு போச்சு ஹெலிகாப்டரு. அதோட வயித்துல இருந்த ஆணியெல்லாம் தெரிஞ்சுது பத்மா!"

எனக்குப் புரியவில்லை. "கீழ திரும்பி எப்டிங்க ஏறுவீங்க? கீழன்னா எறங்கறதுதானே?"

"கீழன்னா கீழதான்! அதோ!" கையை நீட்டினார். கை தரையைக் காட்டவில்லை. சூரியன் உதிக்கிற பக்கம் காட்டியது.

"அப்ப மேல?"

சூரியன் இறங்கிக்கொண்டிருந்த பக்கம் காட்டினார்.

அட கடவுளே! அவர் பள்ளிப்பட்டுக்காரர். மேற்கில் இருப்பது மேலக் கொல்லை, கிழக்கில் இருப்பது கீழக் கொல்லை என்று வளர்ந்தவர். எங்கள் அப்பா மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைத்தவர். "அப்பா மேல இருக்கார்" என்றால் மலைமேல் இருக்கிறார் என்று அர்த்தம். மேல என்றால் எனக்கு அண்ணாந்து பார்ப்பது, அவருக்கு மேற்கு. பெட்டி நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டுத்தான் மனிதர் நேராக ஹெலிகாப்டருக்கடியில் ஏறியிருக்கிறார்.

"இங்கிலீஷ்ல அப்புன்னும் டவுனுன்னும் மாத்திடலாமா?" என்றான் முக்தார்.

"டவுனுன்னா பஜாருக்குப் போவச் சொல்றியா?" என்றார் நாகேஷ். அந்த நிலையிலும் கிண்டல். எனக்கு வந்ததே கோபம்!

"சிரிக்காதீங்க! செத்திருப்பீங்க. என் குரலக் கேட்டுகினே செத்திருப்பீங்க. இந்த டப்பாவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

திரும்பும் வழியில் பைக்கில் அவர் முதுகைக்கூடத் தொடாமல் உட்கார்ந்து வந்தேன். இந்தக் கையால் செய்து கொடுத்தது, இந்த வாயால் சொன்னது என்றே மனம் அடித்துக்கொண்டது.

மலையடிவாரத்தில் எங்கள் வீடு பழைய வீடு. வாசல்நிலை குட்டை, அவரோ நெட்டை. கல்யாணமான நாளிலிருந்து அவர் நுழையும்போதெல்லாம் நான் கத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் இடித்துக்கொள்வார். அன்றைக்கு வாயைத் திறப்பதில்லை என்று சபதம் போட்டிருந்தேன். ஆனாலும் அவர் நிலையை நெருங்கியதும் வாய் தானாகக் கத்தியது:

"தல!"

அவர் படக்கென்று குனிந்தார். குனிந்தபடியே நின்றுவிட்டார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"இதப் போடு பத்மா," என்றார். "இதுக்கு நான் யோசிக்கறதே இல்ல."

மறுநாளே போட்டோம். மேலே வந்தால் "தல!" கீழே வந்தால், வீடு கூட்டும்போது பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் நான் போடும் "காலு!" அந்தச் சத்தத்துக்கு இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொள்வார். வகுப்புக் குரல் வேண்டாம், வீட்டுக் குரலிலேயே கத்து என்றான் முக்தார். அதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தரையில் ஓடவிட்டு, மாற்றி மாற்றிச் சோதித்துப் பார்த்த பிறகுதான் டப்பாவைத் திரும்பக் கொடுத்தேன். கொடுக்கும்போது கை வரவில்லை.

தை பிறந்தும் பனி விடவில்லை. ஒரு நாள் காலை, கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மைதானத்திலிருந்து முக்தார் போன் செய்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"பத்மா, பயப்படாத, அண்ணன் எறங்கிட்டாரு. டப்பா தலன்னு கத்திச்சாம். இவரு சீட்டுலயே குனிஞ்சிட்டாராம். குனிஞ்ச வேகத்துல கை ஓட்டற ஸ்டிக்கை முன்னால தள்ளி, வண்டி சர்ருன்னு எறங்கிடுச்சாம். அப்பத்தான் மேல பாத்தாராம். இவரு இருந்த எடத்துலயே ஒரு பெரிய ப்ளேன் போவுதாம்."

"எந்த மேல?" என்றேன், பைத்தியக்காரிபோல.

"ஆகாச மேலம்மா!"

கல்லூரிக்குப் போகவில்லை. வாசலுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். பைக் சத்தம் கேட்டது. தெருவில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார். திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். முழு ஆளாக, நெட்டையாக, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றதும் எல்லாம் மறந்துபோயிற்று, "தல!" உள்பட.

நங்கென்று இடித்துக்கொண்டார்.

"ஸ்ஸ்... ஆகாசத்துல அந்தக் கத்து கத்தற, வூட்டுக்கு வந்தா கத்த மாட்டியா?" என்றார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

அழுகையும் சிரிப்புமாக அவர் தலையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். நெற்றியில் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. அதையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.