வலப்பக்கம் மட்டும் திரும்பிய தலைவர்

தென்துருவத் தமிழ்ப் பெருமன்றத்தின் தலைவர் சதாசிவம், பிளாட் புஷ் என்ற புறநகருக்குத் தெற்கே உள்ள விமானத் திடலில் பழைய விமானமொன்றில் ஏறி இறங்கிய பிறகு, இடப்பக்கம் திரும்பும் சக்தியை இழந்தார். அதே வாரம் த்ரீ கிங்ஸ் பகுதிக் கடையில் வெண்டைக்காய் விலையும் ஏறியது. ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

பெருமன்றம் அதன் பெயரைப் போலப் பெரியதல்ல. அங்கே உறுப்பினர்களைவிடத் துணைத்தலைவர்கள் அதிகம் என்பார்கள். அந்த ஆண்டுப் பொங்கல் விழாவில் தலைவர் வானத்திலிருந்து பூத் தூவ வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஹெலிகாப்டர் கல்யாண வீட்டுக்காரர்கள்கூட வைக்கிறார்கள் என்று செயலாளர் பழனிவேல் அதை ஒதுக்கிவிட்டார். முதல் உலகப் போர்க்காலத்து விமானங்களைக் கோடையில் பறக்கவிட்டுக் காட்டும் சங்கமொன்றில் எஞ்சின் பார்ப்பவர் மைக்கேல், மலேசியத் தமிழர். அவர் இரண்டு இருக்கை விமானம் ஒன்றைப் பேசி முடித்தார். அந்தக் காலத்துச் சுழல் எஞ்சின் நம் கார் எஞ்சினைப் போல ஓரிடத்தில் நிற்காது. நடு அச்சு விமானத்தோடு இறுகி நிற்க, உருளைகள் அத்தனையும் காற்றாடியோடு சேர்ந்து சுற்றும். மூக்கில் அவ்வளவு இரும்பு சுழல்வதால் விமானம் வலப்பக்கம் சட்டென்று திரும்பும். இடப்பக்கம் திரும்ப அதற்கு மனம் வராது. எஞ்சினுக்கு மசகாக ஊற்றுவது விளக்கெண்ணெய். பாதி எரிந்ததும் எரியாததுமாக அது பின்னால் இருப்பவர் முகத்தில் தூறலாக அடிக்கும்.

"அங்கிள், வாய கட்டிக்குங்க. எண்ணெ உள்ள போச்சுன்னா நாளைக்கு வீட்ட விட்டு வெளிய வர முடியாதுலா," என்று மைக்கேல் ஒரு கழுத்துத் துணியை நீட்டினார்.

"படத்தில முகம் தெரியவேணும் தம்பி," என்றார் சதாசிவம்.

முகத்தைக் காட்டியதோடு அவர் நிற்கவில்லை. தமிழ் வானில் ஒலிக்க வேண்டும் என்று, பொன்னாடை படபடக்க, பறந்த நேரமெல்லாம் வரவேற்புரை நிகழ்த்தினார். அதை ஒருவரும் கேட்கவில்லை. பூக்கள் பக்கத்துப் பண்ணையில் விழ, மாடுகள் தின்றன. விளக்கெண்ணெய் மட்டும் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. மறுநாள் நடந்ததைச் சிறுவயதில் மூக்கைப் பிடித்து ஊற்றப்பட்ட எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதெல்லாம் அடங்கிய பிறகும் அவர் நெஞ்சுக்குள் ஒரு சுழற்சி அடங்கவில்லை. காதை வைத்தால் கேட்கும். இடப்பக்கம் போக வேண்டுமானால் வலப்பக்கமாக முக்கால் வட்டம் சுற்றித்தான் போனார். அந்தக் காலத்து விமானிகளும் அப்படித்தான் செய்தார்கள் என்று மைக்கேல் ஆறுதல் சொன்னார். குடும்ப மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்து உப்பைக் குறைக்கச் சொன்னார்.

கோயிலில் குறையொன்றும் தெரியவில்லை. அங்கே எல்லோரும் வலம்தானே வருகிறார்கள். நவக்கிரகத்தைச் சுற்றும்போது ராகுவுக்கும் கேதுவுக்கும் இடமாக வரும் சுற்றுகளை அவர் விட்டுவிட்டார். அடுத்த வாரம் துணைத்தலைவர்களும் விட்டுவிட்டார்கள். "தலைவரே, இது குறை இல்ல, கொடுப்பினை," என்றார் பழனிவேல். 'வலம்புரிச் செம்மல்' என்று பட்டம் கொடுப்பதாக முடிவாயிற்று.

அவர் மனைவி கண்மணிக்குத்தான் தொல்லை. சாப்பாட்டு மேசையில், காரில், மேடையில், எங்கும் அவள் இடம் அவருக்கு இடப்பக்கம். அவர் சுற்றி வந்து சேர்வதற்குள் அவள் பேச்சு முடிந்து எழுந்து போயிருப்பாள். வலப்பக்கம் வந்து நின்றும் பார்த்தாள். அவர் பேசத் தொடங்கியதும் அவளைத் தாண்டிச் சுற்றிப் போய்விடுவார். "இஞ்சாருங்கோ, நான் ஒரு கதை சொல்ல முதல் நீங்கள் உலகத்தையே சுத்தி வாறியள்," என்றாள். பிறகு அதையும் சொல்வதை நிறுத்தினாள்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே திடலின் கம்பி வேலிக்கு வெளியே பழைய கொரோலா காரை நிறுத்திவிட்டு விமானங்களைப் பார்ப்பார்கள். உள்ளே போக டிக்கெட். வெளியே பிளாஸ்கில் தேத்தண்ணீர், கடலை வடை, காற்றில் மிதந்து வரும் விளக்கெண்ணெய்ப் புகை. சதாசிவத்துக்கு அப்போது ஆங்கிலமும் அதிகமில்லை, மேடையும் கிடையாது. அவள் கதைப்பாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். விமானம் எந்தப் பக்கம் திரும்பியது என்று இருவரும் கவனித்ததே இல்லை.

பட்டமளிப்பு விழா நாளன்று, நகரின் மறுகோடியில் மாசி என்ற பகுதியில் இருக்கும் மகளோடு இனி இருந்துவிடுவது என்று கண்மணி பெட்டி கட்டி, மகளின் கார் டிக்கியில் வைத்துவிட்டாள். மேடையில் மரபுப்படி கணவனுக்கு இடப்பக்கம் நின்றாள். சதாசிவம் ஏற்புரை தொடங்கினார். சங்கம், கடல், இமயம் என்று அவர் வலப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அவள் விடைபெறும் குரல் கேட்டது.

"அப்ப நான் போட்டு வாறன்."

இமயத்தில் நின்றபடியே வாயை மூடினார். பெருமன்ற வரலாற்றில் முதல் முறையாக மேடை அமைதியானது. அவர் நெஞ்சுக்குள் சுழன்றது தயங்கி, விக்கி, நின்றது. மண்டபம் முழுக்க விளக்கெண்ணெய் வாசனை பரவியது. சதாசிவம் இடப்பக்கம் திரும்பினார்.

கண்மணி புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். அவர் விரல் அதைத் தொட்டது.

"மாத்தி ஒரு வருசமாகுது," என்றாள் அவள்.

அந்த எஞ்சினின் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வழி கிடையாது, இறங்கும்போது தீப்பொறியை வெட்டி வெட்டித்தான் அடக்குவார்கள் என்று மைக்கேல் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னார். "மைக் போயிடுச்சு போல," என்று பழனிவேல் ஒயரை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பெட்டி அன்றே திரும்பி வந்தது. சதாசிவம் பேச ஆரம்பித்தால் இன்றும் வலப்பக்கம்தான். பெருமன்றத்துக்கு வேறு தலைவர் வந்து, அவரும் விமானம் கேட்டிருக்கிறார். போன ஞாயிறு சதாசிவம் கார் ஓட்ட, கண்மணி பக்கத்தில் இருந்து மருமகனின் சமையலைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"கேக்கிறியளோ?" என்றாள்.

சந்தி வந்தது. இடப்பக்கம் போக வேண்டும். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கார் திரும்பியது.